7 கோர்ஸ் டேஸ்டிங் மெனு, தலைக்கு 1,499. போய்ட்டு வந்தோம். ஒர்த்தா? கம்மி விலைல வேற எங்கயாவது இருக்கா?

டோல்கேட்காரன்
சனி, இரவு 11:58

மக்களே, இன்னிக்கு எங்க பத்தாவது கல்யாண நாளு. வருஷா வருஷம் எம்.சி.ரோட்ல ஒரு புடவை, அப்பால ஒரு பிரியாணி, அதோட கதை முடிஞ்சிரும். இந்த வாட்டி ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பையன் "அண்ணே டேஸ்டிங் மெனு போங்க, நீங்க ஒண்ணும் ஆர்டர் பண்ணவே வேணாம், அவங்களே ஒண்ணொண்ணா கொண்டாந்து வெப்பாங்க"ன்னு ஏத்தி விட்டுட்டான். கடை பேரு வேணாம், தேனாம்பேட்டை மெட்ரோல இறங்கி நடக்கற தூரம்தான். முன்கூட்டியே போன்ல புக் பண்ணணும், என்ன சாப்பிடுவீங்க என்ன ஒத்துக்காதுன்னு வேற கேட்டாங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி.

8 மணிக்கு உக்காந்தோம். மொதல்ல ஒரு பெரிய கருங்கல்லு, அது மேல சட்டை பொத்தான் சைசுல ஒரு கருவேப்பிலை வடை. இதுக்கு பேரு அமூஸ் பூஷாம், வாயை குஷிப்படுத்தறதுன்னு அர்த்தமாம். எனக்கு வாய்ல எங்க போச்சுன்னே தெரியல. அப்பால பூசணிக்கா சூப்பு, டீ கிளாஸ்ல பாதி. அப்பால கணவா, பச்சை மாங்கா போட்டு, நாலு துண்டு, இது மட்டும் சும்மா சொல்லக்கூடாது செம. நாலாவது பீட்ரூட்ல என்னமோ. அஞ்சாவது ஒரு ஸ்பூன் நன்னாரி ஐஸ் வந்துச்சு, அவ்ளோதான் சாப்பாடு முடிஞ்சிபோச்சு போலன்னு எனக்கு பகீர்னு ஆயிடிச்சு, அது நாக்கை கழுவறதுக்காம். ஆறாவது சீரக சம்பா சோறும் கறியும், கைப்பிடி அளவு. ஏழாவது கருப்பட்டி போட்ட இளநீர் பாயாசம், அது வரும்போது மணி 10:35. கடைசி மெட்ரோ போய்டுமேன்னு நான் வாட்சையே பாத்துக்கினு இருந்தேன்.

பில்லு கேளுங்க. ரெண்டு பேருக்கு 2,998. தண்ணி பாட்டில் ரெண்டு 240. சர்வீஸ் சார்ஜ் 10 பர்சன்ட். அது மேல ஜிஎஸ்டி 5. மொத்தம் 3,740. வாக்குவாதம் பண்ணி சர்வீஸ் சார்ஜை எடுக்க வெச்சு 3,400 கட்டிட்டு ஓடி வந்து வண்டி புடிச்சோம். வீட்டுக்கு வந்து ரெண்டு கரண்டி தயிர் சோறு.

கேள்வி இதான்: இது ஏமாத்து வேலையா, இல்ல எனக்குத்தான் ரசிக்க தெரியலையா? ஆயிரத்துக்கு உள்ள இந்த மாதிரி எங்கயாவது கிடைக்குமா?

வண்ணை வம்பு
சனி, இரவு 12:10

இன்னா தலீவா, 3,400க்கு எங்க தெரு பிரியாணி கடைல குடும்பத்தோட ஒரு மாசம் ஞாயித்துக்கிழமை ஓட்டிரலாமே. கல்லு மேல வடைய வெச்சானாம். கல்லையும் பார்சல் கட்டி இஸ்துகினு வந்திருக்கணும் நீ.

அண்ணாநகர் அகதி
ஞாயிறு, காலை 8:20

பிரியாணியோட இதை ஒப்பிடறதே தப்பு ப்ரோ. கிண்டி கிராண்ட் சோழா ஹோட்டல்ல இருக்கிற அவர்த்தனா ரெஸ்டாரண்ட்ட பாருங்க, 7 கோர்ஸ்ல ஆரம்பிச்சு 13 கோர்ஸ் வரைக்கும் மெனு இருக்கு, தெளிஞ்ச தக்காளி ரசத்தை கண்ணாடி கிளாஸ்ல ஊத்தி தருவாங்க. 2025ல ஆசியாவோட சிறந்த 50 உணவகங்கள் பட்டியல்ல 30வது இடம். அங்க ஒருத்தருக்கு ஆகற காசுல உங்க 1,499 கடைல குடும்பமே சாப்பிடலாம். அந்த கணக்குல பாத்தா நீங்க போனது சீப்புதான்.

வண்ணை வம்பு
ஞாயிறு, காலை 8:31

ரசத்துக்கு கண்ணாடி கிளாஸு. எங்க ஆயா எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி குடுக்கும், அதுக்கும் ஒரு ரேங்க்கு போட்டு தரச்சொல்லு.

பழைய மாஸ்டர்
ஞாயிறு, காலை 10:45

டோல்கேட்டு தம்பி, 22 வருஷம் ஹோட்டல் கிச்சன்ல நின்னவன் சொல்றேன், ஏமாத்து இல்ல. கணக்கு எப்பிடி ஓடுதுன்னு தெரிஞ்சா உனக்கே புரியும்.

சாதாரண ரெஸ்டாரண்ட்டுல மெனு கார்டுல எண்பது அயிட்டம் இருக்கும். எவன் எத கேப்பான்னு தெரியாது, அதனால எண்பதுக்கும் சாமான் வெட்டி வெச்சி, மசாலா அரைச்சி வெச்சி, மீனை ஐஸ்ல போட்டு வெச்சி காத்திருக்கணும். ராத்திரி மிஞ்சினது எங்க போகும்னு கேக்காத. அந்த நஷ்டமும் நீ துன்ற தட்டோட விலைல சேர்ந்துதான் வருது. டேஸ்டிங் மெனுல அந்த பேஜாரே கிடையாது. இன்னிக்கு 24 பேரு புக்கிங்குன்னா 24 துண்டு மீனு, 24 கப்பு சூப்பு. மீன் தலையும் முள்ளும் சூப்புக்கு, கொத்தமல்லி தண்டு சட்னிக்கு, ஒண்ணும் வீணாகாது. அதனாலதான் 1,499க்கு தர முடியுது, இதே ஏழு அயிட்டத்தை தனித்தனியா வாங்கினா ரெண்டாயிரத்தை தாண்டிரும்.

இன்னொரு தந்திரம் இருக்கு. ஏழுல ரெண்டுதான் காஸ்ட்லி சரக்கா இருக்கும், மீதி அஞ்சும் பூசணிக்கா, பீட்ரூட்டு, கருவேப்பிலை. அத குறையா சொல்லல, பூசணிக்காயை நல்லா பண்றதுக்குத்தான் கைவேலை வேணும், வஞ்சிரத்தை எவன் வறுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். உனக்கு வஞ்சிரம் வராம கணவா வந்துச்சே, ஏன்னு யோசிச்சியா? இது மே மாசம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடி தடைக்காலம், காசிமேட்டுல லாஞ்சு, அதான் பெரிய விசைப்படகு, எதுவும் கடலுக்கு போவாது, ஃபைபர் போட்டும் கட்டுமரமும் கொண்டாறதுதான் மீனு. வெலை ஏறிக்கிடக்கு. அந்த செஃப்பு விவரமான ஆளுதான்.

அளவு ஏன் கம்மின்னா, எந்த அயிட்டமா இருந்தாலும் மொத மூணு நாலு வாய்தான் நாக்கு முழிச்சிக்கினு இருக்கும், அப்பால கை மட்டும் வேலை செய்யும், நாக்கு தூங்கிரும். அது தூங்கறதுக்குள்ள அடுத்தத கொண்டாந்து வெக்கணும். ஆனா ஏழு கோர்ஸுக்கு ரெண்டே முக்கா மணி நேரம் ரொம்ப ஓவரு. அது கிச்சன்ல ஆள் பத்தாம நடந்தது. நல்ல டீமா இருந்தா ரெண்டு மணி நேரத்துல முடிச்சி அனுப்பிருப்பான்.

காசிமேடு காத்து
ஞாயிறு, காலை 11:20

மாஸ்டர் சொன்னது கரெக்ட்டு. இன்னிக்கு காலைல ஏலத்துக்கு போனேன், சங்கரா விலைய கேட்டுட்டு காரப்பொடி வாங்கிக்கினு வந்துட்டேன்.

கப்பல்காரன்
ஞாயிறு, மதியம் 2:05

ராயபுரம்தான் சொந்த ஊரு, சரக்குக் கப்பல்ல வேலை. பார்சிலோனா துறைமுகத்துல நிக்கும்போது வெளிய போய் சாப்பிட்டது சொல்றேன். ஸ்பெயின்ல மெனு டெல் தியான்னு ஒண்ணு இருக்கு, அன்னிய மெனுன்னு அர்த்தம். 1960கள்ல ஃபிராங்கோ ஆட்சில, டூரிஸ்ட்டுக்காக அரசாங்கமே கட்டாயமாக்கின சமாச்சாரம். மொத தட்டு, ரெண்டாவது தட்டு, கடைசில ஸ்வீட்டோ பழமோ, கூட ரொட்டி, குடிக்க ஒண்ணு, எல்லாம் சேத்து ஒரே விலை. மதியம் மட்டும்தான், வேலை நாள்ல. நான் குடுத்தது 13 யூரோ. பக்கத்து டேபிள்ல பெயின்ட் அடிக்கற ஆளு டிரெஸ்ல பெயின்ட்டோட உக்காந்து பருப்பு சூப்பு, மீனு, கஸ்டர்ட்னு மூணு தட்டு பொறுமையா சாப்பிட்டுட்டு போனாரு. பணக்காரன் சமாச்சாரமா அங்க யாரும் பாக்கறதில்ல. நம்ம ஊர்லயும் மதிய சாப்பாட்டுல தேடுங்க, ராத்திரில தேடாதீங்க.

பட்ஜெட் வாத்தி
ஞாயிறு, மாலை 4:40

இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன். மதியம், அதுவும் திங்கள்லேர்ந்து வியாழன். அதே கிச்சன், அதே ஆளு, ராத்திரி 1,499 வாங்கற கடை மதியம் அஞ்சு கோர்ஸ் 899க்கு போடும், ஏன்னா டேபிள் காலியா கெடக்கும், வாடகையும் கரன்ட்டும் எப்பிடியும் ஓடிக்கினுதானே இருக்கு. ரெண்டு பேரு போனா 1,798, 5 பர்சன்ட் வரியோட 1,888. முடிஞ்சுது.

வரி விஷயத்துல ஒண்ணு கவனிங்க. தனி ரெஸ்டாரண்ட்டுன்னா 5 பர்சன்ட்தான். ரூம் வாடகை 7,500ஐ தாண்டற பெரிய ஹோட்டலுக்கு உள்ள இருக்கிற ரெஸ்டாரண்ட்னா 18. ஆயிரம் ரூபா மெனுல 130 ரூபா அங்கயே அடி. மெனு விலை பக்கத்துல ரெண்டு ப்ளஸ் குறி போட்டிருந்தா வரி தனின்னு அர்த்தம், போன்லயே "எல்லாம் சேத்து எவ்ளோ கையிலேர்ந்து போகும்"னு கேட்டுருங்க.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்ல. 2022 ஜூலைல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானா பில்லுல சேக்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு, 2025 மார்ச்சுல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரிதான்னு சொல்லிருச்சு. எடுக்க மாட்டேன்னு அடம் புடிச்சா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடறேன்னு சொல்லுங்க, போடவே வேணாம், சொன்னாலே போதும். அந்த காச சர்வர் பையன் கையில குடுங்க, அவனுக்கு நேரா போய் சேரும். அப்பால தண்ணி. உக்காந்த உடனே "ரெகுலர் வாட்டர்"னு சொல்லிருங்க, பாட்டிலை திறந்துட்டான்னா 120 ரூபா காலி.

மண்ணடி மைனா
ஞாயிறு, இரவு 9:15

எல்லாரும் எதுக்கு அவ்ளோ தூரம் போறீங்க. கல்யாணப் பந்தியே டேஸ்டிங் மெனுதான? இலைல இனிப்புல ஆரம்பிச்சு பருப்பு நெய்யி, சாம்பாரு, வத்தக்குழம்பு, ரசம், பாயாசம், மோருன்னு வரிசையாத்தான வருது. ஓசில வேற.

பழைய மாஸ்டர்
ஞாயிறு, இரவு 9:50

பாதி சரி, பாதி தப்பு. சோத்துக்கு ஊத்தறது வரிசையா வருது, ஒத்துக்கறேன். ஆனா இலைல பொரியல் கூட்டு வறுவல் அப்பளம்லாம் நீ குந்தறதுக்கு முன்னாடியே வெச்சி ஆறிப்போயிருக்கும். ஐரோப்பாலயும் ஒரு காலத்துல அப்பிடித்தான், எல்லாத்தையும் மேசை மேல பரப்பி வெச்சிருவாங்க, ஒண்ணொண்ணா சூடா கொண்டாந்து வெக்கற பழக்கம் 19ஆம் நூற்றாண்டுல ரஷ்யாக்காரன் கிட்டேர்ந்துதான் பிரான்சுக்கு போச்சு, ரஷ்ய பாணி பரிமாறல்னே அதுக்கு பேரு. முக்கியமா, நம்ம பந்தில நீ ரசம் ஊத்திக்கும்போதே உன் சேரு பின்னாடி ஒருத்தன் கை வெச்சிக்கினு நிப்பான். அவன் நிக்கற வரைக்கும் அது டேஸ்டிங் இல்ல, ஓட்டப்பந்தயம்.

மண்ணடி மைனா
ஞாயிறு, இரவு 10:02

ஹா ஹா, சேரு பின்னாடி ஆளு, உண்மை உண்மை. எங்க வீட்டு விசேஷத்துல அந்த தொல்லை இல்ல, சகன்ல அஞ்சு பேரு வட்டமா உக்காந்து ஒரே தட்டுல சாப்பிடுவோம், பிரியாணி, தால்சா, கத்திரிக்கா, பிரெட் அல்வா. ஆனா அதுல ஒருத்தரு ஸ்பீடா சாப்பிட்டா மத்த நாலு பேருக்கும் கறி கிடைக்காது. எங்க மாமா பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க.

மின்ட் மோர்மிளகா
திங்கள், காலை 7:30

சவுகார்பேட்டைலேர்ந்து, ஜெயின் வீடு. எங்க வீட்ல பெரியவங்க பாதி பேரு சூரியன் மறைஞ்சா சாப்பிட மாட்டாங்க, அதனால ராத்திரி டேஸ்டிங் மெனு எங்களுக்கு பேச்சுக்கே இல்ல. நான் மட்டும் வீட்டுக்கு தெரியாம சாப்பிடுவேன், அது வேற கதை.

என் ஐடியா: ஏழு கோர்ஸையும் ஒரே கடைல எதுக்கு தேடறீங்க? தங்கசாலை தெரு, அதான் மின்ட் தெரு, அதுவே ஒரு மெனு கார்டுதான். ஒரு கடைல ஒரு அயிட்டம், ஒரு பிளேட்டை நாலு பேரு பிச்சிக்கினா அளவும் தானா டேஸ்டிங் அளவு ஆயிரும். முருக்கு சாண்ட்விச்சு, பானி பூரி, பாவ் பாஜி, என்எஸ்சி போஸ் ரோட்ல சீனா பாய் கடை நெய் பொடி இட்லி, ஊத்தாப்பம், லஸ்ஸி, கடைசில காக்கடா ராம்பிரசாத்ல சூடா ஜிலேபி, பாதாம் பாலு. தலைக்கு 300 தாண்டாது. எப்ப வரீங்க?

அத்தோ அடிமை
திங்கள், காலை 9:10

பீச் ஸ்டேஷன் எதிர்ல விக்கற அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், அது இல்லாம நார்த் மெட்ராஸ்ல என்னய்யா மெனு? எங்க தாத்தா 1964ல ரங்கூன்லேர்ந்து கப்பல் ஏறி இதே துறைமுகத்துல வந்து இறங்கினவரு, வரும்போது கையில எதுவும் இல்ல, நாக்குல ருசி மட்டும் இருந்துச்சுன்னு சொல்லுவாரு. அவிச்ச முட்டைய பொளந்து உள்ள வறுத்த வெங்காயம் பூண்டு, மொளகாத்தூளு, புளித்தண்ணி விட்டு தருவாங்களே, ஒரே வாய்ல போடணும். டோல்கேட்டு அண்ணன் சொன்ன அமூஸ் பூஷ் அதாங்க, கல்லு மட்டும்தான் இல்ல. அப்பால அத்தோ, மொறுமொறு பேஜோவ நொறுக்கிப் போட்டு. நடுவுல வாழைத்தண்டு சூப்பு கேட்டு வாங்கிக்கினே இருக்கலாம்.

வண்ணை வம்பு
திங்கள், காலை 9:25

முருக்கு சாண்ட்விச்சுல சீஸ் போடறவன்லாம் வர வேணாம்.

மின்ட் மோர்மிளகா
திங்கள், காலை 9:27

சீஸ் போடாம அது வெறும் முருக்கும் வெள்ளரிக்காயும். நீங்க வர வேணாம்.

இழைக் காவலர்
திங்கள், காலை 11:00

முருக்கு சாண்ட்விச்சு சம்பந்தமா வந்த 14 பதிவை நீக்கியிருக்கேன். சீஸ் சண்டைக்கு தனி இழை போட்டுக்கோங்க. இங்க டேஸ்டிங் மெனு மட்டும்.

பழைய மாஸ்டர்
திங்கள், மாலை 6:15

போறதுன்னா வரிசையை ஒழுங்கா போட்டுக்கினு போங்க, கண்ட கடைல பூந்தா மூணாவது கடைலயே வயிறு ஃபுல்லாயிரும். மொறுமொறுப்பு, புளிப்பு, சில்லுனு இருக்கறது மொதல்ல, அது பசியை கிளப்பும். நெய்யி, வெண்ணெய், மாவு பின்னாடி. பாவ் பாஜியை மட்டும் கிட்டவே சேக்காதீங்க, நல்ல அயிட்டம்தான், ஆனா பன்னும் உருளைக்கிழங்கும் வயித்துல குந்திக்கினு வேற யாரையும் உள்ள விடாது. லஸ்ஸியும் ஆளுக்கு ஒண்ணுன்னு வாங்காதீங்க, ஒரு கிளாஸை நாலா ஊத்திக்கோங்க, ஊத்தாப்பத்துக்கு அப்பால, அதான் உங்க நாக்கு கழுவற கோர்ஸ். ஒவ்வொரு கடைக்கும் நடுவுல பத்து நிமிஷம் நடங்க. வயிறு ரொம்பிச்சுன்னு மூளைக்கு சேதி போய் சேர இருபது நிமிஷம் கிட்ட ஆகும், அவசரமா துன்னா அந்த சேதி வர்றதுக்குள்ள டபுளா துன்னிருப்பீங்க.

டோல்கேட்காரன்
திங்கள், இரவு 8:30

மாஸ்டர் சொன்னது அப்பிடியே ஃபாலோ பண்றோம். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை, யானைகவுனி பக்கம் மீட் பண்ணலாம். நானும் வீட்டம்மாவும் வரோம். வேற யாரு?

(இதுக்கு வந்த 11 "நான் வரேன்" பதிவுகளை ஒண்ணா சேத்தாச்சு. இழைக் காவலர்)

டோல்கேட்காரன்
ஞாயிறு, காலை 9:40

போய்ட்டு வந்தாச்சு மக்களே. வரேன்னு சொன்னது 11 பேரு, வந்தது எங்க ரெண்டு பேரோட சேத்து எட்டு. ரிப்போர்ட்டு போடறேன்.

மொத கோர்ஸு பானி பூரி, ஆளுக்கு ரெண்டு. ரெண்டாவது முருக்கு சாண்ட்விச்சு, நாலு பிளேட்டு, ரெண்டு சீஸு ரெண்டு சீஸ் இல்லாம, வம்பு ரெண்டையும் துன்னாரு, சாட்சி இருக்கு. மூணாவது நெய் பொடி இட்லி, நெய்யில முங்கி கெடந்துச்சு. நாலாவது வெங்காய ஊத்தாப்பம், எட்டா வெட்டி ஆளுக்கு ஒரு முக்கோணம், ஓரம் மொறுமொறுன்னு நடு மெத்துன்னு. அஞ்சாவது லஸ்ஸி ரெண்டு கிளாஸை எட்டா ஊத்தினோம், கடைக்காரரு எங்களை ஒரு மாதிரி பாத்தாரு. ஆறாவதுக்கு ஷேர் ஆட்டோல பீச் ஸ்டேஷன் போய் முட்டையும் அத்தோவும், மோர்மிளகாவுக்கு முட்டை இல்லாம. ஏழாவது ஜிலேபிக்கு திரும்ப வந்தோம், இந்த இடத்துல பிளான் சொதப்பல்தான், போக வர ட்ராபிக்ல முக்கா மணி நேரம் போச்சு. அடுத்த வாட்டி அத்தோவ மொதல்ல முடிச்சிட்டு மின்ட்டுக்கு வரணும். ஆட்டோவோட சேத்து மொத்தம் 2,480, தலைக்கு 310.

அந்த 1,499 கடைய விட இதுதான் பெஸ்ட்டுன்னு என் தீர்ப்பு. வீட்டம்மா கிட்ட கேட்டேன், "நீங்க எழுதுங்க, நான் அப்பறம் சொல்றேன்"ன்னாங்க.

அண்ணாநகர் அகதி
ஞாயிறு, காலை 10:15

310ஆ! நான் வராம போய்ட்டேனே. சரி இனிமே கல்யாண நாளுக்கு எங்கயும் போக வேணாம்.

டோல்கேட் வீட்டம்மா
ஞாயிறு, மதியம் 3:30

வணக்கம். இதுக்காகவே புதுசா ஐடி திறந்திருக்கேன். இவரு எழுதினதை மொதல்லேர்ந்து இப்பதான் உக்காந்து படிச்சேன். ரெண்டு கரண்டி தயிர் சோறுன்னு போட்டிருக்காரே, அது இவரு சாப்பிட்டது. எனக்கு பசியே இல்ல, வயிறு சரியா ரொம்பிருந்துச்சு. கணவா நாலு துண்டுல மூணு இவருதான் சாப்பிட்டாரு, அதையும் எழுதல.

அந்த கடைல எனக்கு புடிச்சது என்னன்னு இவ்ளோ பேரு இவ்ளோ எழுதியும் யாரும் கேக்கல. வீட்ல நான் உக்காந்தா ஒருத்தருக்கு தண்ணி வேணும், ஒருத்தருக்கு அப்பளம் வேணும், தோசைன்னா கேக்கவே வேணாம், நான் சாப்பிடும்போது எல்லாரும் கை கழுவியிருப்பாங்க. ஹோட்டலுக்கு போனாலும் "நீயே ஆர்டர் பண்ணு"ன்னு கார்டை என் கையில குடுத்துட்டு இவரு போனை நோண்டுவாரு, புள்ளைக்கு காரம் ஆகாது, இவருக்கு அது புடிக்காது, எனக்கு எது மிஞ்சுதோ அது. அன்னிக்கு ரெண்டே முக்கா மணி நேரம் நான் எழுந்துக்கவே இல்ல. என்ன வேணும்னு யாரும் கேக்கல, என்ன வெக்கணும்னு நானும் யோசிக்கல. தட்டு வந்துச்சு, சூடா இருந்துச்சு, சாப்பிட்டேன், தட்டு போச்சு. இவரு வாட்சை பாத்துக்கினு இருந்த நேரம் நான் அந்த பாயாசத்துல கருப்பட்டி எந்த ஊருதுன்னு அந்த பையன் கிட்ட கேட்டுக்கினு இருந்தேன்.

நேத்து நல்லா இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, முட்டை ரொம்ப புடிச்சுது, மோர்மிளகா தங்கச்சியோட பேச்சும் புடிச்சுது. ஆனா மூணு மணி நேரமும் நின்னுக்கினே சாப்பிட்டேன். கால் வலி. எட்டு பேருக்கும் டிஷ்யூ பேப்பர் வாங்கி குடுத்தது யாரு, லஸ்ஸியை எட்டா அளந்து ஊத்தினது யாருன்னு ரிப்போர்ட்டுல இல்ல. விலை கம்மிதான். ரெண்டும் ஒண்ணு இல்ல.

வண்ணை வம்பு
ஞாயிறு, மதியம் 3:52

அண்ணி, ஸாரி. அந்த டிஷ்யூல பாதி நான்தான் யூஸ் பண்ணேன்.

பட்ஜெட் வாத்தி
ஞாயிறு, மாலை 4:20

அக்கா சொன்னப்பறம் யோசிச்சா, மதிய மெனு 899தான் சரியான வழி. உக்காரலாம், சூடா வரும், மெட்ரோ கவலை இல்ல, ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிரும். டோல்கேட்டு, ஒரு நாள் லீவு போடு.

டோல்கேட்காரன்
ஞாயிறு, மாலை 4:31

போடறேன் வாத்தியாரே. வீட்ல இப்ப அமைதியா இருக்கு, ரொம்ப அமைதியா இருக்கு.

பழைய மாஸ்டர்
ஞாயிறு, இரவு 8:40

தங்கச்சி எழுதினத என் வீட்டம்மாவுக்கு படிச்சு காமிச்சேன். "22 வருஷம் ஊருக்கெல்லாம் வரிசையா பரிமாறினியே, எனக்கு ஒரு நாள் பரிமாறினியா"ன்னு கேட்டுச்சு. பதில் இல்ல எங்கிட்ட.

அதனால இப்பிடி பண்ணலாம். ராயபுரத்துல எங்க வீட்டு மொட்டமாடி காத்தோட்டமா இருக்கும், பன்னெண்டு பேரு குந்தலாம். ஜூன் 14 தடை முடியட்டும், லாஞ்சு போய் வந்து ரெண்டு வாரம் ஆனா மீன் விலையும் எறங்கிரும். ஜூன் கடைசி ஞாயிறு. நான் சமைக்கறேன், ஏழு கோர்ஸு.

நெத்திலி கருவாட்டு தொக்கு ஒரு சொட்டு, குட்டி அப்பளத்து மேல. நண்டு ரசம். சுறா புட்டு வெத்தலைல வெச்சி, சுறா சாப்பிடாதவங்களுக்கு, அதாவது மோர்மிளகா பொண்ணுக்கு, வாழைப்பூ புட்டு. கணவா மிளகு வறுவல். எலுமிச்சம்பழம் புழிஞ்ச நன்னாரி ஐஸு, அந்த செஃப்பு கிட்டேர்ந்து சுட்டது. சங்கரா மீன் குழம்பு மாங்கா போட்டு, சோறு கொஞ்சமா, வேணும்னா ரெண்டாவது வாட்டி உண்டு, நம்ம ஆளுங்களுக்கு அது இல்லாம ஆகாது. கடைசில மண்ணடி பிரெட் அல்வா, அது மைனா பொறுப்பு. சரக்கு விலைய பன்னெண்டா வகுத்துக்கலாம், தலைக்கு 400 கிட்ட வரும்னு கணக்கு போட்டிருக்கேன், என் கூலி இல்ல. ஒரே கண்டிஷன், வீட்டுப் பொம்பளைங்க யாரும் எழுந்துக்கக் கூடாது. பரிமாறறது ஆம்பளைங்க.

காசிமேடு காத்து
ஞாயிறு, இரவு 8:55

மீன் என் பொறுப்பு மாஸ்டர். விடியக்காலைல ஏலத்துலேயே எடுத்தாறேன்.

கப்பல்காரன்
ஞாயிறு, இரவு 9:20

அந்த நேரம் நான் லீவுல ஊர்ல இருப்பேன். ஒரு சீட்டு போட்டு வைங்க.

மண்ணடி மைனா
ஞாயிறு, இரவு 9:24

அல்வா டன். மாமாவ கூட்டிட்டு வர மாட்டேன்.

டோல்கேட் வீட்டம்மா
ஞாயிறு, இரவு 9:45

ரொம்ப சந்தோஷம் அண்ணே. உங்க வீட்டம்மாவையும் பக்கத்துல உக்கார வெச்சிக்கறேன். ஒரே ஒரு கேள்வி. பன்னெண்டு பேரு, ஏழு கோர்ஸு, 84 தட்டு. கழுவறது யாரு?

வண்ணை வம்பு
ஞாயிறு, இரவு 9:47

தொன்னைல போட்டுக்கலாமே அண்ணி, தூக்கி போட்டா வேலை முடிஞ்சுது.

டோல்கேட் வீட்டம்மா
ஞாயிறு, இரவு 9:49

தட்டுலதான் வேணும். நண்டு ரசம் மட்டும் வேணா டம்ளர்ல.

பழைய மாஸ்டர்
ஞாயிறு, இரவு 10:05

தட்டுதான். சமைக்கறவன் கழுவ மாட்டான், அது எந்த கிச்சன்லயும் சட்டம். வம்பும் டோல்கேட்டும் சேந்து கழுவட்டும். ஒவ்வொரு கோர்ஸு நடுவுலயும் கழுவணும், எங்கிட்ட இருக்கறது மொத்தம் 30 தட்டுதான்.

டோல்கேட்காரன்
ஞாயிறு, இரவு 10:11

சரி மாஸ்டர். அப்ப நாங்க எப்ப சாப்பிடறது?

டோல்கேட் வீட்டம்மா
ஞாயிறு, இரவு 10:12

எல்லாரும் கை கழுவினப்பறம்.